நீராவி யுகம் குடித்த கிணறு

குரங்கு மரத்தை விட்டு இறங்கிய காலத்தில் சித்தூரில் படிநிலை ஆபீஸ் திறந்திருக்கவில்லை. மனித குலத்துக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் பிறகு வாய்க்கவே இல்லை. திறந்திருந்தால், இதுவரை வால் இருந்ததற்கு ஒரு சான்று, இனிமேல் இருக்காது என்பதற்கு ஒரு சான்று என்று கேட்டு, அந்தக் குரங்கை வராந்தா பெஞ்சிலேயே கிழடாக்கியிருப்பார்கள். மற்றக் குரங்குகள் அதைப் பார்த்துவிட்டு மரத்திலேயே இருந்திருக்கும்.

ஆபீஸின் முழுப்பெயர் மானிட முன்னேற்றப் படிநிலை ஒழுங்கு அலுவலகம். ஆந்திர ராஜ்யம் புதிதாகப் பிறந்து, சர்க்கார் கர்னூலில் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்த நாட்களில் உண்டானது. ஒரு மழை நாளில் கூடாரம் ஒழுக, ஒழுகாத ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்ற பெரிய உத்தியோகஸ்தர்கள் சிலர் பொழுதுபோகாமல் பேசியதில் கிளம்பிய யோசனை என்று சொல்வார்கள். இருக்கலாம். காலை அசைக்க இடமில்லாதவர்களுக்குத்தான் முன்னேற்றத்தைப் பற்றி விரிவான சிந்தனை வரும்.

சித்தூரில் அதற்கு ஒரு வெல்ல மண்டியின் மேல்மாடி கிடைத்தது. கீழே வெல்லம், மேலே வரலாறு. வெல்லத்துக்கு வந்த குளவிகள் படியேறி வரலாற்றின் மேலும் உட்கார்ந்தன. அவற்றை அடிப்பதற்கென்றே குமாஸ்தா சம்பத் ஒரு பழைய கோப்பைச் சுருட்டி வைத்திருந்தார். ஆபீஸில் தினமும் தவறாமல் நடந்த வேலை அது ஒன்றுதான்.

சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தது. சினிமா பேனர் எழுதுகிற ஒருவரைப் பிடித்து வரையச் சொல்லியிருந்தார்கள். அதனால் கல் யுகத்து மனிதனுக்கும் மெல்லிசான மீசையும் சுருட்டைக் கிராப்பும் இருந்தன. அவன் நிற்பது முதல் படி. அடுத்தது செம்பு யுகம், பிறகு இரும்பு யுகம், அதற்கு மேல் நீராவி யுகம், அதற்கும் மேல் மின்சார யுகம். உச்சிப்படியில் அணு யுகம் என்று எழுதி, என்ன வரைவதென்று பேனர்காரருக்குத் தெரியாததால் உதிக்கிற சூரியனைப் போட்டு முடித்திருந்தார்.

விதி ஒன்றேயொன்று. மனித குலம் ஏறிய வரிசையிலேயே ஒவ்வொரு கிராமமும் ஏற வேண்டும். படி தாண்டக் கூடாது.

இந்த விஷயம் எதுவும் நொச்சிக்கண்டிகை துலுக்காணத்துக்குத் தெரியாது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத்தில் அவனுக்குக் கொஞ்சம் நிலம், அதில் ஒரு கிணறு. கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் ஆழத்தில் இருந்தது. இரண்டு கிழட்டு மாடுகளைக் கட்டிக் கபிலை இறைத்தால் அரைக் கரும்பு நனையும், அரைக் கரும்பு பார்த்துக்கொண்டிருக்கும். போன வருஷம் இதே மாதிரி காய்ந்துபோய்த்தான் அவன் தம்பி நிலத்தை அப்படியே போட்டுவிட்டுக் குடும்பத்தோடு பெரம்பூருக்கு மூட்டை தூக்கப் போனான். இந்தக் கரும்பும் போனால் தானும் போக வேண்டியதுதான் என்பது துலுக்காணத்துக்கும் அவன் மனைவி செங்கம்மாவுக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

ஆனால் நிலத்துக்கு மேலே மின்சாரக் கம்பி போனது. நகரிப் பக்கத்துத் தறிகளுக்காக இழுத்த கம்பி. துலுக்காணத்தின் வரப்பிலேயே ஒரு கம்பம் நின்றது. கம்பத்திலிருந்து கிணற்றுக்கு ஒரு கம்பி இழுத்தால் தீர்ந்தது. செங்கம்மாவின் கழுத்திலிருந்தது புத்தூர் கடையில் ஒரு மோட்டாராக மாறி வந்து சேர்ந்தது. கிணற்றோரம் சின்னதாக ஒரு கொட்டகை போட்டு அதில் வைத்து, மஞ்சள் குங்குமம் தடவி, அவன் மின்சார ஆபீசுக்குப் போனான்.

அங்கே இருந்தவர் நல்ல மனுஷர். "கரண்டு குடுக்கறதுல எனக்கு இன்னாப்பா நஷ்டம்? உங்க ஊரு எந்த யுகத்துல கீதுன்னு ஒரு சான்று வாங்கிக்கினு வந்துடு" என்றார்.

துலுக்காணம் சித்தூருக்கு பஸ் ஏறினான். மண்டி வாசலில் இறங்கி, வெல்லம் வாங்க வந்தவன் என்று நினைத்து இழுத்த தரகர்களிடமிருந்து தப்பி, மாடிப்படி ஏறினான். சம்பத் அவனுக்கு விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார். நடுநடுவே குளவி அடித்தார். நொச்சிக்கண்டிகை இரும்பு யுகத்தில் இருப்பதாக உத்தேசமாக ஒரு குறிப்பு இருக்கிறது, அதுவும் ஊர்ஜிதமில்லை, இரும்பை முடித்து நீராவியைக் கடந்தால்தான் மின்சாரம் என்றார். நீராவியைக் கடப்பது என்றால் என்ன என்று துலுக்காணம் கேட்டான். அதை அதிகாரிதான் சொல்லவேண்டும் என்று உள்ளே அனுப்பினார்.

படிநிலை அதிகாரி நாகபூஷணம் கிருஷ்ணா டெல்டாக்காரர். தமிழை அவர் உத்தியோகத்துக்காகக் கற்றுக்கொண்டிருந்தார். மரியாதையாகவே பேசினார்.

"ஏமய்யா துலுக்காணம், இங்கிலீஷ்காரன் இருநூறு வருஷம் கரிப்புகை குடிச்சான். அவன் நெஞ்சு கருப்பாச்சு. அவன் பிள்ளைங்க சுரங்கத்துல செத்தாங்க. அப்புறம்தான் அவன் வீட்டுல பல்பு எரிஞ்சது. நீ ஒரு இருமல்கூட இருமாம பல்பு கேட்டு வந்து நிக்கிற. இது நியாயமா?"

"எனக்கு பல்பு வேணாம் சார். மோட்டாருக்குத்தான்."

"அது இன்னும் மோசம். பல்பாவது நாலு பேர் கண்ணுக்குத் தெரியும்."

துலுக்காணத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருநூறு வருஷம் கஷ்டப்பட்டவன் சாமானை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தவன்போல உணர்ந்தான். ஊர் திரும்பிச் செங்கம்மாவிடம் சொன்னபோது அவள், வெள்ளைக்காரன் இருமியதற்கு நம் கரும்பு ஏன் காய வேண்டும் என்று கேட்டாள். அதை அவன் அதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

நாகபூஷணம் ஜீப்பில் நேரில் பார்வையிட வந்தார். கூடவே சம்பத்தும் வந்தார். செங்கம்மா சோறாக்கி, கொள்ளுத் துவையல் அரைத்து வைத்திருந்தாள். அதிகாரி மறுபடி மறுபடி துவையல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த ருசி எங்கள் டெல்டாவில் இல்லை, இது எப்படி வருகிறது என்று கேட்டார். அம்மியில் அரைத்தால் வரும் என்று அவள் சந்தோஷமாகச் சொல்லி, அம்மியைக் காட்டினாள்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மியைக் குனிந்து பார்த்தார். குழவியை உருட்டிப் பார்த்தார். கல்லால் ஆன கருவி. பக்கத்தில் ஆட்டுக்கல், அதுவும் கல். மூலையில் உரல், அதுவும் அதுவே. இந்த வீட்டின் பின்கட்டு இன்னும் கல் யுகத்திலிருந்து வெளியே வரவில்லை என்று எழுதிக்கொண்டார். எழுதும்போது அவருக்கு ஏப்பம் வந்தது.

அன்று சாயங்காலம் ஊரில் இருந்த அம்மி, ஆட்டுக்கல், உரல் அத்தனையும் வைக்கோற்போருக்குள் போயின. கல் யுகம் ஒரே நாளில் முடிந்தது; வீட்டில் ஒரு செம்புச் சொம்பு இருந்ததில் செம்பு யுகமும் கூடவே கழிந்தது. மனித குலம் இதற்குப் பல லட்சம் வருஷம் எடுத்துக்கொண்டது என்பதை நினைத்தால், ஆபீஸின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது.

அம்மியை எழுதி முடித்த கையோடு அவர் கிணற்றடிக்குப் போயிருந்தார். கபிலை ஓடிக்கொண்டிருந்தது. கபிலையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு, சரிவில் மாடுகள். மாடுகள் முன்னே இறங்கினால் இரும்புச் சால் நிறைந்து மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். அப்படியே பின்னுக்கு நடந்து மேடேறினால் சால் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கும். இப்படிப் பின்னுக்கு நடக்கிற மாட்டை வாய்க்கால் பாய்கிற ஊர்க்காரர் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார். அவர் ஊரில் தண்ணீர் தானாக வரும். மனிதர்கள் கரையில் நின்று வழக்குப் போடுவார்கள்.

"இது ஏன் பின்னால் போகுது?"

"முன்னால போச்சு இல்ல சார், அத்தாலதான்."

"ஒவ்வொரு தடவையும் பின்னால் போகுமா?"

"ஆமா சார். பொழுது சாயற வரைக்கும்."

நாகபூஷணம் சரிவின் ஓரத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு சம்பத்தைப் பார்த்து, இந்தக் கிராமம் பாதி நேரம் முன்னேறுகிறது, பாதி நேரம் பின்னேறுகிறது, கூட்டிக் கழித்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறது, இத்தனை வருஷமாக இங்கே வளர்ச்சி ஏன் வரவில்லை என்பதற்கு இன்றுதான் காரணம் கிடைத்தது என்றார். வயலில் குளவி இல்லாததால் சம்பத்துக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

உத்தரவு பிறந்தது. மாடுகள் முன்னோக்கி மட்டுமே நடக்க வேண்டும். ஒருநாள் முழுக்க அப்படி நடந்தால் இரும்பு யுகத்தில் தேறியதாக எழுதிக்கொள்ளப்படும்.

"முன்னாலயே போய்க்கினு இருந்தா சாலு எப்படி சார் கெணத்துக்குள்ள எறங்கும்?"

"இறங்கறதைப் பத்தியே ஏன் நினைக்கிற? ஏறுறதை நினை."

குறித்த நாளில் மாடுகள் சரிவில் இறங்கின. சால் மேலே வந்தது. மாடுகள் நிற்கவில்லை. சால் உருளையைத் தாண்டி, மேட்டில் விழுந்து, கரும்புக்குள் புகுந்து, வடத்தோடு இழுபட்டுக்கொண்டே போனது. மாடுகளுக்கே ஆச்சரியம். பின்னால் வா என்று அதட்டாத துலுக்காணத்தை அவை திரும்பித் திரும்பிப் பார்த்தன. வரப்பைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, புத்தூர் ரோட்டில் ஏறின. நாகபூஷணம் ஜீப்பில் கூடவே வந்தார். வழியில் யாரோ இதென்ன ஊர்வலம் என்று கேட்டதற்கு, முன்னேற்றம் என்றார். இருட்டும்போது துலுக்காணம் மாடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தான். சால் நசுங்கியிருந்தது. அன்றைக்குக் கரும்புக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் பாயவில்லை. அதைக் குறிக்க அதிகாரியின் தாளில் இடம் விட்டிருக்கவில்லை.

இனி நீராவி யுகம்.

ஆபீஸிடம் இருந்த நீராவி யுகம் மொத்தமும் ஒரு ரோடு ரோலர். ரஸ்தா இலாகா வேண்டாம் என்று தள்ளியதை இவர்கள் கேட்டு வாங்கியிருந்தார்கள். அது ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு ஊரிலும் ஒரு பட்டம், அதாவது ஒரு விதைப்புக் காலம், தங்கி, அடுப்பு அணையாமல் புகை விட வேண்டும். புகை விட்ட ஊர் நீராவி யுகத்தைக் கடந்த ஊர். கார்வேட்டி நகரம் பக்கம் ஏதோ கிராமத்தில் நின்றிருந்த அந்த யுகம், நொச்சிக்கண்டிகையை நோக்கிப் புறப்பட்டு, வரும் வழியெல்லாம் ரோட்டைச் சமன் செய்துகொண்டு, ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. துலுக்காணம் கற்பூரம் கொளுத்தினான்.

ரோலரை ஓட்டி வந்தவர் பெயர் வேதாச்சலம். வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் கேட்டார். செங்கம்மா சொம்பு கொண்டுவந்தாள்.

"எனக்கு இல்லம்மா. இதுக்கு" என்று ரோலரைக் காட்டினார். "இது ரொம்பக் குடிக்கும். நீராவின்னா இன்னான்னு நெனச்சீங்கோ?"

கிணறு அதற்குத்தான் என்று ஆயிற்று. காலையிலிருந்து மாடுகள் கபிலை இழுத்தன. இறைத்த தண்ணீரைக் குடம் குடமாகச் செங்கம்மா ரோலருக்கு ஊற்றினாள். ரோலர் அதைச் சூடாக்கி ஆகாயத்துக்கு அனுப்பியது. மீந்தால் கரும்புக்கு. மிஞ்சாது. பக்கத்து வயல்காரர்கள் அந்த வெள்ளைப் புகையைப் பார்த்து, துலுக்காணத்தின் கிணறு மேகமாகிப் போகிறது, பெரம்பூரில் தம்பி வீட்டு மேல் மழையாக விழும் என்று கேலி பேசினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

அப்புறம் விறகு. கரி வரும் என்று ஆபீஸ் சொல்லியிருந்தது. வரவில்லை. முதலில் பனை மட்டை போனது. பிறகு வேலி முள். பிறகு புளியமரத்தின் கிளைகள், பிறகு புளியமரம். அடுப்பு அணைந்தால் யுகம் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து என்று விதி. அதிகாரி வர வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் விறகு தீர்ந்தது. அடுப்பு மங்கியது. வேதாச்சலம் கபிலையின் உருளையைத் தாங்கி நின்ற இரண்டு கால்மரங்களையும் பார்த்தார். நல்ல வைரம் பாய்ந்த மரம். துலுக்காணமும் அவர் பார்ப்பதைப் பார்த்தான்.

செங்கம்மா தடுத்தாள். "அத்த எரிச்சிட்டா எத்தாலய்யா எறைக்கிறது?"

"நாளைக்கு யுகம் முடியுது. அடுத்த வாரம் கரண்டு. அப்பால இது எதுக்கு?" என்றான் துலுக்காணம்.

வியாபாரம் தெரிந்த எவனும் புதுச்சரக்கு கைக்கு வரும்முன் பழைய சரக்கைக் கழிக்க மாட்டான். துலுக்காணம் வியாபாரியில்லை. அவன் விவசாயி. வரும் என்று சொன்னால் நம்புகிற ஜாதி. கால்மரங்கள் நன்றாக எரிந்தன.

மறுநாள் நாகபூஷணம் வந்து புகையைப் பார்த்துத் திருப்தியடைந்தார். ரோலரைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டச் சொன்னார். வேதாச்சலம் முன்னே ஓட்டினார். வரப்பு வந்துவிட்டதால் பின்னுக்கு எடுத்தார். மாடு பின்னுக்குப் போனதற்கு அவ்வளவு சொன்னீர்களே என்று துலுக்காணம் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். இயந்திரம் பின்னால் போவது பின்னால் போவதாகாது, அதற்கு ரிவர்ஸ் என்று பெயர், அதற்காகவே தனியாகக் கம்பி வைத்திருக்கிறார்கள் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கம் முடிவதற்குள் ரோலர் ரிவர்ஸிலேயே போய்க் கொட்டகையின் மேல் ஏறியது.

மோட்டார் சத்தம் போடவில்லை. மஞ்சள் குங்குமத்தோடு மண்ணில் தட்டையாகப் பதிந்தது. செங்கம்மாவின் கை கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது.

"பிரேக்கு கீது சார்" என்றார் வேதாச்சலம் கீழே இறங்கி. "ஆனா அதுக்கே தோணினாத்தான் புடிக்கும்."

நாகபூஷணம் தொப்பியைக் கழற்றினார். "பாரு துலுக்காணம். மின்சார யுகத்துச் சாமானை நீராவி யுகத்துக்கு முன்னாலேயே வாங்கி வச்சிருந்த. வரிசை தப்பி வந்ததை வரலாறே ஓரமா தள்ளிடுச்சு. இதுல நமக்கு ஒரு பாடம் இருக்குது" என்றார்.

பாடம் அங்கேயே முடியவில்லை. வாய்க்கால் ஈரத்தில் ரோலரின் சக்கரம் புதைந்துகொண்டது. முன்னும் போகவில்லை, ரிவர்ஸும் போகவில்லை. மாடுகளைக் கட்டி இழுக்கச் சொன்னார்கள். நீராவி யுகத்தை இரும்பு யுகம் கழுத்து நரம்பு புடைக்க இழுத்தது. ரோலர் அசைந்து மேட்டுக்கு வந்தபோது இடத்து மாடு முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. அது மறுபடி எழுந்திருக்கவில்லை. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது என்று, வலத்து மாட்டையும் அடுத்த சந்தையில் யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள்.

நொச்சிக்கண்டிகை நீராவி யுகத்தைக் கடந்தது.

இனி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் இருந்த எல்லைத் தகராறு பெரிதாகி, இரண்டு ராஜ்யத்துக்கும் பொதுவாக ஒரு நடுவர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. நாகபூஷணம் பேனாவை மூடிவிட்டார்.

"நீ முன்னேறிட்ட, ஒத்துக்கறேன். ஆனா அது எந்த ராஜ்யத்துக் கணக்குல சேரும்? நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு உங்க ஊர் மெட்ராஸ் பக்கம் போயிட்டா, நாங்க கஷ்டப்பட்டு ஏத்திவிட்ட கிராமத்தை அவங்க சும்மா எடுத்துக்குவாங்க."

"அது வரைக்கும் கரும்பு சார்?"

"கரும்புக்கு ராஜ்யம் கிடையாது. அதுக்கு என்ன கவலை?"

ஊருக்கு லாரிகள் வந்தன. இது தெலுங்கு நாடு என்று கத்துவதற்கு ஒரு லாரி. இது தமிழ்நாடு என்று கத்துவதற்கு ஒரு லாரி. துலுக்காணம் இரண்டிலும் ஏறிப் போனான். கரண்டு வந்தால் கடனுக்காவது வேறு மோட்டார் வாங்கலாம் என்று, இரண்டிலும் மோட்டாருக்குக் கரண்டு கிடைக்குமா என்றுதான் கேட்டான். தாய்மொழியைவிட மோட்டார் பெரிதா என்று இரண்டிலும் கடிந்துகொண்டு, இரண்டிலும் புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார்கள். பொட்டலத்தை அவன் செங்கம்மாவுக்கு எடுத்து வந்தான்.

மொழிக் கணக்கு எடுக்க வந்தவர் அவனை நிறுத்தி என்ன பேசுவாய் என்று கேட்டார்.

"ஊட்ல தமிழு. சந்தைல தெலுங்கு. மாட்டுகிட்ட ரெண்டும் பேசிக்கினு இருந்தேன்."

"இப்போ?"

"இப்ப மாடு இல்ல சார்."

வீட்டுப் பேச்சைத் தமிழ் என்றும், சந்தைப் பேச்சைத் தெலுங்கு என்றும் எழுதி, மாட்டை விட்டுவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் கரும்புக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் புருஷனும் பெண்டாட்டியும்தான். கயிற்றில் குடம் கட்டிக் கிணற்றில் விட்டுச் சேந்தி, ஒவ்வொரு தூராகக் கையால் ஊற்றினார்கள். ஒரு பாத்தி முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் பாத்தி வெளுத்துவிடும். ஓரங்களை விட்டுவிட்டு நடுவைக் காப்பாற்றினார்கள். பிறகு நடுவின் ஓரத்தை விட்டார்கள். கடைசியில் ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குப் பச்சையிருந்தது. அதற்கு மட்டும் விடாமல் ஊற்றினார்கள்.

ராஜ்யங்கள் பேசி முடித்தன. பேரம் நன்றாகவே நடந்தது என்று கேள்வி. இந்த ஊரை வைத்துக்கொள், அந்த ஊரைக் கொடு என்று ஒரே பிடியில் முடியாமல், மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் இரண்டு பக்கமும் நஷ்டப்பட்ட முகத்தோடு எழுந்தார்களாம். நல்ல பேரத்துக்கு அதுதான் அடையாளம். நொச்சிக்கண்டிகை ஆந்திராவிலேயே நின்றது. கம்பி புறப்படுகிற மின்நிலையம் மட்டும் மெட்ராஸ் பக்கம் போனது.

நாகபூஷணம் கையெழுத்திட்ட சான்றை மாலை போட்டுக் கொடுத்தார். துலுக்காணம் அதை எடுத்துக்கொண்டு நேரே மின்சார ஆபீசுக்கு ஓடினான். அங்கே அதே நல்ல மனுஷர் இருந்தார். சான்றைப் படித்து, கை குலுக்கி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஆனால் வரப்பிலிருக்கும் கம்பியில் ஓடுவது இப்போது அடுத்த ராஜ்யத்துக் கரண்டு, நம் எல்லைக்குள் அது சும்மா கடந்துதான் போகிறது, அதை இறக்க நமக்கு உரிமை இல்லை, நம் கரண்டு வர வேறு கம்பி வர வேண்டும் என்றார்.

"அது எப்ப சார் வரும்?"

"அது தெரியாதுப்பா. இந்தக் கம்பியத் தொட்டுத் தொலைக்காத. செத்துப் போவ. அதுவும் இல்லாம, சட்டப்படி தப்பு."

அவன் ஊர் திரும்பியபோது பாயளவுப் பச்சையும் மஞ்சளாகியிருந்தது. அன்று செங்கம்மா ஊற்றவில்லை. கிணற்றில் குடம் தரை தட்டியது. காய்ந்த கரும்பு காற்றில் உரசி, யாரோ காகிதம் கிழிப்பதுபோல நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

பெரம்பூருக்கு மூட்டை கட்டி முடித்த அன்று சம்பத் வந்தார். எல்லை தீர்ந்த மகிழ்ச்சியில் திருப்பதியில் பெரிய அளவில் மானிட முன்னேற்றக் கண்காட்சி நடக்கிறது, முடிந்த பிறகும் நிரந்தரமாக இருக்கும், சாமி பார்க்க வருகிற கூட்டம் அப்படியே இதையும் பார்க்கும் என்றார். நாகபூஷணத்துக்கு உத்தியோக உயர்வு கொடுத்து அதற்குத் தலைவராக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு யுகத்துக்கும் ஒரு கொட்டகை. இரும்பு யுகக் கொட்டகைக்குக் கபிலை இறைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். தேடிப் பார்த்ததில் தெரிந்தவர்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். சம்பளம் உண்டு, தங்க இடம் உண்டு என்று சொல்லிவிட்டு, அவர் வெகுநேரம் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வேண்டாம் என்றாலும் தப்பில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

பெரம்பூரைவிடத் திருப்பதி கிட்டே என்று செங்கம்மா சொன்னாள். போனார்கள்.

இரும்பு யுகம் நன்றாக அமைந்திருந்தது. சிமெண்டில் கிணறு, சிமெண்டில் சரிவு, சிமெண்டில் ஒரு வாய்க்கால். வாய்க்கால் சுற்றி வந்து கிணற்றிலேயே விழும். மாடு வைக்கவில்லை. மாடு பின்னுக்கு நடக்கும், அது பார்வையாளர்கள் மனதில் தவறான எண்ணத்தை உண்டாக்கும், மனிதன் என்றால் திரும்பி முன்னோக்கியே மேடேறுவான் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. வடத்தின் ஒரு பக்கத்தைத் துலுக்காணமும் மறுபக்கத்தைச் செங்கம்மாவும் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். சால் ஏறி வந்து கொட்டியது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குடும்பங்கள் கைதட்டின. சில பேர் கிணற்றுக்குள் காசு போட்டுக் கும்பிட்டார்கள்.

வெயிலில் கிணறு வற்றும் அல்லவா, அதற்காகக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மின்சார மோட்டார் வைத்திருந்தார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் கிணறு நிரம்பிவிடும். கரண்டு ஒருநாளும் நிற்கவில்லை. சாமி ஊர் அல்லவா.

திறப்பு விழாவில் நாகபூஷணம் பேசினார். இரும்பு யுகக் கொட்டகை முன்னால் வந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"பெரியோர்களே, இந்த இருவரைப் பாருங்கள். மனிதன் எப்படியெல்லாம் பாடுபட்டான் என்பதற்கு உயிருள்ள சாட்சிகள். நம் இலாகாவின் இடையறாத உழைப்பால் இப்படிப்பட்டவர்கள் இன்று கிராமங்களில் எங்கேயும் இல்லை. தேடித் தேடி ஓய்ந்துபோனோம். கடைசியாக இந்த ஒரு ஜோடிதான் கிடைத்தது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வரும்போது செங்கம்மா மடியில் கணுவோடு நறுக்கிய இரண்டு கரும்புக் கரணைகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மஞ்சளுக்குள் உயிர் இருந்தவை அவை மட்டும்தான். சிமெண்டு வாய்க்கால் கிணற்றில் சேரும் மூலையில் ஒரு பிளவு, அதில் கொஞ்சம் மண். யாரும் பார்க்காதபோது அங்கே ஊன்றினாள். தண்ணீருக்குத்தான் குறைவில்லையே. ஒரு கரணை துளிர்த்தது. கத்தி மாதிரி ஒரு பச்சை இலை வெளியே வந்த அன்று, துலுக்காணம் அதைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு நடையிலும் தலையைத் திருப்பிக்கொண்டே மேடேறினான்.

தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். நாகபூஷணம் வந்தார். கோபப்படவில்லை. பயிர் விவசாயக் கொட்டகையில்தான் இருக்க வேண்டும், அங்கே காகிதத்தில் செய்த கரும்பு அழகாக இருக்கிறது, இங்கே இருந்தால் பார்ப்பவர்களுக்கு யுகம் குழம்பும் என்று சொல்லிக்கொண்டே குனிந்து, இரண்டு விரலால் பிடுங்கி, வேரில் இருந்த மண்ணைத் தட்டினார்.

துலுக்காணம் வடத்தைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றான். அவன் அந்த இடத்தில் ஒருபோதும் எதுவும் கேட்டதில்லை.

"சார், நாங்க அடுத்த படிக்கு எப்ப சார் போவோம்?"

நாகபூஷணத்துக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவன் தோளில் கையை வைத்தார்.

"நீ போயிட்டா இந்தப் படியில யாரய்யா நிக்கிறது?"

கொட்டகைக்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பஸ் கூட்டம் வாசலில் நுழைந்துகொண்டிருந்தது. கிணறு நிரம்பியதும் சத்தம் நின்றது. செங்கம்மா முந்தானையைச் சும்மாடாக மடித்து, தோளில் வைத்து, அதன் மேல் வடத்தைப் போட்டுக்கொண்டாள்.

"வாய்யா" என்றாள். "ஜனம் வருது."